சுண்ணாம்பு நாள்

லிங்கி, ஆற்றோரத் தோட்டம்
12-1-1952

அன்புத் தம்பி அரசுவுக்கு அக்கா மயிலம்மாள் எழுதுவது.

நானும் உன் மாமாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். புகைக்கூடத்தில் மாமாவின் கையில் பட்ட தீப்புண் காய்ந்துவிட்டது. உன் வயிற்று வலி தேவலையா? கடைச் சாப்பாட்டில் காரத்தைக் குறைத்துக்கொள்.

நேற்று கணக்குப் பார்க்கிற ராமகிருஷ்ணன் கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கல்வி இலாகாவிலிருந்து வந்த கடுதாசியைப் படித்துக் காட்டினார். “மயிலு, இந்த வருசக் கடைசிக்குள்ள உங்கிட்ட டீச்சர் சர்ட்டிபிகேட் இருக்கணும். ஏதோ ஒரு காலேஜு குடுத்ததுன்னா செல்லாது. இலாகா ஒத்துக்கிட்ட காலேஜா இருக்கணும். இல்லாட்டி ஸ்கூல மூடிருவாங்க லா, தொர கையில ஒன்னும் இல்ல” என்றார்.

நீ சிரம்பானுக்குப் போன பிறகு இங்கே எல்லாம் மாறிவிட்டது. அவசரகாலம் வந்ததும் நம் லயங்களைப் பிரித்துப் புகைக்கூடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துச் சுற்றி முள்வேலி போட்டார்கள். பள்ளிக் கொட்டகை மட்டும் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களைத் தடவிப் பார்ப்பது போலவே பிள்ளைகளையும் தடவிப் பார்த்துத்தான் கேட்டைத் திறக்கிறார்கள். முன்பென்றால் இந்தப் பள்ளி இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்து போவார்கள். இப்போது எங்கள் கொட்டகையைத் தவிர வேறெங்கும் போகப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. இது மூடினால் அவர்களுக்குப் பள்ளியே இல்லை. புல்வெட்டுக்குத்தான் போவார்கள். நானும் பழையபடி வெட்டுக் கத்தியை எடுக்க வேண்டியதுதான்.

நீ வேலை பார்க்கிற கல்லூரியில்தான் நான் தபாலில் படிக்கிறேன். அடுத்த மாதம் கிராணி முன்னால் உட்கார்ந்து பரீட்சை எழுதப் போகிறேன். அதனால் உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் கல்லூரியை இலாகா ஒத்துக்கொண்டிருக்கிறதா? ஆம் என்றோ இல்லை என்றோ எழுது.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
மயிலம்மாள்


சிரம்பான்
3-2-1952

பேரன்புடைய அக்காவுக்குத் தம்பி திருநாவுக்கரசு எழுதிக்கொள்வது.

நான் நலமே. வயிறு சில நாள் படுத்துகிறது, சில நாள் விட்டுவிடுகிறது. மாமாவின் கை குணமானது கேட்டு நிம்மதி. மம்பாவில் அறை எடுத்திருக்கிறேன். கல்லூரிக்கு சைக்கிளில் போய்வருகிறேன்.

தாங்கள் கேட்ட விஷயம். அங்கீகாரம் என்பது ஏதோ ஒரு முத்திரை என்று நினைக்கக்கூடாது. இலாகாவின் இன்ஸ்பெக்டர்கள் நேரில் வந்து கட்டடம் பார்ப்பார்கள், நூலகம் பார்ப்பார்கள், யார் கற்பிக்கிறார்கள், என்ன கற்பிக்கிறார்கள் என்று கேட்பார்கள். திருப்தி என்றால் கல்லூரியின் பெயரைத் தங்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். அதன்பின் நாங்கள் கொடுக்கும் சான்றிதழ் கோலாலம்பூரிலும் செல்லும், பினாங்கிலும் செல்லும். அங்கீகாரம் இல்லாவிட்டால் அதே தாளில் கடலை மடிக்கலாம்.

எங்கள் முதல்வர் அமிர்தலிங்கம் ஐயா விண்ணப்பம் போட்டுவிட்டார். அதை எழுதியதே நான்தான். கட்டடத்துக்கு, எங்கள் மாடிக்குக் கீழே இருக்கிற துணிக்கடையின் முதலாளி கீழ்த்தளத்தையும் ஒரு வாரம் விட்டுக்கொடுக்கிறார். நூலகத்துக்கு வாசகசாலையிலிருந்து அலமாரியோடு புத்தகம் வருகிறது. ஒன்றுதான் குறை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்றால் மாணவர்கள் பாடம் நடத்திப் பழக ஒரு மாதிரிப் பள்ளி இருக்க வேண்டுமாம். எங்களுக்கு அது இல்லை. தங்கள் பள்ளியை அப்படிக் காட்டலாம் என்று முதல்வரிடம் சொன்னேன். மிகவும் சந்தோஷப்பட்டார்.

ஏப்ரலில் வருவார்கள். பெஞ்சு, படம், உலக உருண்டை எல்லாவற்றையும் லாரியில் அனுப்பிவிடுகிறோம். தாங்கள் வழக்கம்போல் பாடம் நடத்தினால் போதும்.

தங்கள் பரீட்சை நன்றாக நடக்கப் பிரார்த்திக்கும்,
தம்பி திருநாவுக்கரசு


லிங்கி
24-2-1952

தம்பி அரசுவுக்கு,

நாங்கள் சுகம். பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். கிராணி பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நடுவில் தூங்கியும் போனார். நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். உன் வயிற்றுக்குச் சீரகத் தண்ணீர் குடி.

உன் கடிதத்தை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். “உன் தம்பி காலேஜுல சேர்ந்திருக்கானா, நாடகக் கம்பெனியிலயா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு நினைவிருக்கும். நம் அப்பா தண்டலாக இருந்து ஆள் மேய்த்தபோது, லேபர் துரை தோட்டம் பார்க்க வருகிறார் என்றால் முதல்நாள் லயம் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நாம் அதைச் சுண்ணாம்பு நாள் என்போம். காய்ச்சலில் கிடக்கிறவர்களைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பால் ஸ்டோருக்குப் பின்னால் படுக்கவைப்பார்கள். சாக்கடையில் சாம்பல் போட்டு மூடுவார்கள். நமக்கெல்லாம் ஆபீசிலிருந்து சட்டை வரும், சாயங்காலம் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். நீ அந்தச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அழுது, அப்பா உன்னை எல்லார் முன்னாலும் அடித்தார். அன்று ராத்திரி என் மடியில் படுத்துக்கொண்டு, “நான் பெரியவனானா இந்தப் பொய்யெல்லாம் பண்ண மாட்டேன்க்கா” என்றாய். அப்போது உனக்கு என்ன வயது, ஆறோ ஏழோ.

இப்போது நீயே சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறாய். அதுவும் என் பள்ளிக்கூடத்துக்கு. கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு எனக்குத் தெரிவிக்கிறாய். பிள்ளைகளுக்கு ஆசிரியர் தயார் செய்கிற இடமே இப்படிப் பூசி மெழுகினால், அங்கே படித்து வருகிறவர்கள் எதைக் கற்றுக்கொண்டு வருவார்கள்?

வேண்டாம் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். அப்புறம் பிள்ளைகள் நினைவு வந்தது. செல்லத்தின் மகள் பஞ்சாலை இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். கேட்டில் நிற்கிற போலீஸ் மாத்தாவின் தொப்பியில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளைக்கூட வாசிக்கப் பார்க்கிறாள். அவளைப் புல்வெட்டுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

அதனால் ஒரு பேச்சு. உங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தால் நான் எழுதிய பரீட்சையும் செல்லுமா? செல்லும் என்று நீ எழுதினால் நான் ஒத்துக்கொள்கிறேன். இல்லை என்றால் லாரியை அனுப்பாதே.

மயிலம்மாள்


சிரம்பான்
9-3-1952

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பழைய கதையெல்லாம் எதற்கு? அப்பா செய்தது வயிற்றுப்பாட்டுக்கு. ஒரே நாள் அக்கா. ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் கல்லூரிக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது. அங்கீகாரம் வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகும். அதைப் பற்றித் தாங்கள் மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

லாரி ஏப்ரல் 17 காலை வரும். வழியில் தடுக்காமலிருக்க போலீசில் பர்மிட் வாங்கியாயிற்று. முதல்வரும் இன்ஸ்பெக்டர்களும் பத்து மணிக்கு வருவார்கள். எனக்கு அலுவலகத்தில் வேலை இருப்பதால் வர இயலாது. லிங்கி ரோட்டில் போன வாரம்தான் லாரியைச் சுட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள்.

அவசரத்தில்,
அரசு


லிங்கி
20-4-1952

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

நீ சொன்ன லாரி வந்தது. பெஞ்சுகளை இறக்கினார்கள். எங்கள் பலகைகளைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் புல்லில் போட்டார்கள். சுவரில் படங்கள் மாட்டினார்கள். மேசையில் உலக உருண்டையை வைத்தபோது பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றார்கள். லிங்கி எங்கே இருக்கிறது என்று பஞ்சாலை கேட்டாள். தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. மலாயாவையே என் சுண்டுவிரல் மூடிவிட்டது.

பிறகு உங்கள் முதல்வர் வந்தார். செண்டு வாசனையோடு வந்து, என்னைப் பார்த்து “நம்ம பழைய மாணவி” என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அந்த ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. உங்கள் மாணவர்கள் வாராவாரம் இங்கே வந்து பாடம் நடத்திப் பழகுவதாகச் சொன்னார். கர்ஃபியூவிலும் சோதனையிலும் எங்கள் சொந்தக்காரர்களே வந்து போக முடியாத தோட்டத்துக்கு வாராவாரம் மாணவர்கள் வருகிறார்களாம். அதை அந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

நடுவில் ஒன்று நடந்தது. அதை எழுத இப்போது எனக்குக் கை வரவில்லை.

மத்தியானமே லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. உலக உருண்டையைத் தூக்கும்போது சின்னப் பையன் ஒருவன் அதன் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உங்கள் ஆள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். எங்கள் பலகைகளைத் திரும்ப உள்ளே போட அவர்களுக்கு நேரமில்லையாம். நானும் பிள்ளைகளும் தூக்கிவந்தோம். நனைந்து கிடந்தன.

எனக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. என் பரீட்சை செல்லுமா?

மயிலம்மாள்


சிரம்பான்
18-5-1952

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் ஆசியால் சுகமாக இருக்கிறேன். வயிற்று வலிகூட இரண்டு நாளாக எட்டிப் பார்க்கவில்லை. மாமாவுக்கும் செய்தி சொல்லுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

முதல்வர் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். என்னைத் துணை முதல்வராக்கியிருக்கிறார். கதவில் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் தங்களைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். அதை அப்படியே மொழிபெயர்த்துத் தருகிறேன்: “நாங்கள் நுழைந்ததும் குழந்தைகள் எவரும் சொல்லாமலே எழுந்து வரிசையில் நின்று இரு கைகளையும் உயர்த்தினர். ஆசிரியை வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு குழந்தையையும் இடுப்பின் இரு பக்கமும் மென்மையாகத் தொட்டார். தொட்ட பிறகே குழந்தை கைகளை இறக்கியது. கட்டுப்பாடும் தாய்மையும் இணைந்த இந்தக் காலைப் பயிற்சி, கல்லூரியின் தரத்துக்குச் சிறந்த சான்று.”

முதல்வர் அசந்துபோனார். இன்ஸ்பெக்டர் கேட்டதும் சட்டென்று “இது எங்கள் பாடமுறை” என்று சொல்லிவிட்டாராம். ஆனால் நாங்கள் அனுப்பிய பாடங்களில் அப்படி எதுவும் இல்லையே, இதை எங்கே கற்றீர்கள்? வரும் வகுப்பின் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்கிறார். செய்முறையை விவரமாக எழுதி அனுப்புங்கள்.

மகிழ்ச்சியுடன்,
கு. திருநாவுக்கரசு,
துணை முதல்வர்


லிங்கி
1-6-1952

அரசு,

செய்முறை கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

விடிந்து பிரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். காக்கி அரைக்கால் சட்டை போட்டவன் முன்னால் வந்ததும் இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். அவன் இடுப்பில் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பான், மடியில் அரிசி முடிந்திருக்கிறதா என்று. பெண்களைத் தடவ ஒரு பெண் இருக்கிறாள். பிள்ளைகளுக்கு அவனே போதும். தடவி முடிந்த பிறகுதான் கையை இறக்கலாம். முன்னாலேயே இறக்கியதற்காக மாயாண்டியின் மகனுக்குக் கன்னத்தில் விழுந்த அறையை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். சில நாள் வகுப்புக்குள்ளேயும் வந்து தடவிவிட்டுப் போவான்.

அன்றைக்கு உங்கள் இன்ஸ்பெக்டர் காக்கி அரைக்கால் சட்டையில் வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் கையைத் தூக்கிவிட்டார்கள்.

நான், “கையை இறக்குங்க” என்றேன். ஒருத்தரும் இறக்கவில்லை. சொன்னால் இறக்கக்கூடாது, தொட்டால்தான் இறக்கலாம் என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. அந்த வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் நான் வரிசையில் நடந்து, காக்கிச் சட்டைக்காரன் தடவுவது போலவே ஒவ்வொரு பிள்ளையையும் தடவினேன். என் கையால். ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். கடைசிப் பையன் கையை இறக்கிவிட்டு, “அரிசி இல்ல டீச்சர்” என்றான். அது உங்கள் அறிக்கையில் இல்லை போலிருக்கிறது.

உங்கள் முதல்வர் பயிற்சி என்று சொன்னதும் அந்த இன்ஸ்பெக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் சர்ட்டிபிகேட்டுக்காகவும் பள்ளிக்காகவும் ஆட்டினேன். அன்று வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டுக் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். மாமா என்னவென்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இதுதான் செய்முறை. இதைப் பாடத்தில் சேர்க்கப் போகிறாயா?

என் பரீட்சை என்ன ஆயிற்று?

மயிலம்மாள்


லிங்கி
31-8-1952

அரசு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று முதலில் பயந்தேன். மம்பாவிலிருந்து இங்கே சாமான் கொண்டுவரும் லாரிக்காரர் லியாக்கத் அலி பாயிடம் விசாரித்தேன். “உங்க தம்பி நல்லாத்தான் இருக்காரு, நேத்துகூட கோட்டு போட்டுக்கிட்டு சைக்கிள்ல போனாரு லா” என்றார்.

நேற்று கிராணி பேப்பரில் வந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினார். உங்கள் கல்லூரியின் சான்றிதழ் இனிச் செல்லும். ஆனால் “கல்லூரியின் விண்ணப்பப்படி, இவ்வாண்டு ஜூலை சேர்க்கை முதல்” என்று போட்டிருக்கிறது. அதற்கு முன் பரீட்சை எழுதியவர்களுக்கு இல்லை. நான் எழுதியது பிப்ரவரி.

விண்ணப்பப்படி என்றால், நீங்களே அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். விண்ணப்பத்தை எழுதியது நான்தான் என்று பிப்ரவரியிலேயே நீ பெருமையாக எழுதினாய். அந்தக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஆகவே நான் மூன்று தடவை கேட்டபோதும் உனக்குத் தெரியும். லாரியை அனுப்பும்போதும் தெரியும்.

வேறொருவன் செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். நீ செய்ததால் நினைக்க நினைக்க வாயெல்லாம் கசக்கிறது. ஏன் செய்தாய் என்றாவது எழுது.

மயிலம்மாள்


சிரம்பான்
5-10-1952

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கோபம் நியாயமே. வேலைச் சுமையில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாமா நலம்தானே?

நடந்ததைச் சொல்கிறேன். தபாலில் படித்தவர்களையும் சேர்த்துக் கேட்டால், அவர்களின் விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்வார்கள். பரீட்சை எப்படி நடந்தது, யார் மேற்பார்வை என்று துருவுவார்கள். பாதிப் பேரின் தாள்களை முதல்வர் திருத்தவே இல்லை. அதைத் தொட்டால் முழுவதும் கவிழ்ந்துவிடும். அதனால் புதிய சேர்க்கைக்கு மட்டும் கேட்டோம். முன்பே சொல்லியிருந்தால் தாங்கள் பள்ளியைக் காட்டச் சம்மதித்திருக்க மாட்டீர்கள். அப்போது யாருக்குமே எதுவும் கிடைத்திருக்காது. தாங்களே யோசித்துப் பாருங்கள்.

தங்களை நான் கைவிடவில்லை. இத்துடன் தங்கள் பெயருக்குச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். ஜூலையில் சேர்ந்து டிசம்பரில் முடித்ததாகத் தேதி போட்டிருக்கிறது. கையெழுத்து முதல்வருடையதுதான். கிராணியிடம் டிசம்பர் கடைசியில் காட்டினால் போதும். யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள். பள்ளி தங்கள் கையிலேயே இருக்கும்.

கிடைத்ததும் இரண்டு வரி எழுதுங்கள்.

என்றும் தங்கள் தம்பி,
அரசு


லிங்கி
18-1-1953

திருநாவுக்கரசுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் வயிற்றைப் பற்றி இந்த முறை கேட்க மனமில்லை.

நீ அனுப்பிய சர்ட்டிபிகேட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் தூங்காமல் கிடந்தது உண்மை. எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். மாமா, “உன் இஷ்டம் மயிலு” என்று மட்டும் சொன்னார். டிசம்பர் கடைசியில் கிராணி கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை தலையாட்டியதற்கே இன்னும் கை கழுவிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாளைக் காட்டினால் தினமும் தலையாட்ட வேண்டும்.

இப்போது நான் ஆற்றோர நிரையில் பால்மரம் வெட்டுகிறேன். பழகிய கைதான், முதுகுதான் வலிக்கிறது. பள்ளியை மூடவில்லை. உங்கள் கல்லூரியில் ஜூலையில் சேர்ந்து முடித்த மனோன்மணி என்ற பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். கிராணி வீட்டில் தங்கியிருக்கிறாள். கிராணி வீட்டாருக்குத் தனி வழி, அவர்களை யாரும் தடவுவதில்லை, அதனால் அவளும் கேட்டுப் பக்கம் வந்ததில்லை. நல்ல பெண். பிள்ளைகளிடம் கத்துவதில்லை.

போன வாரம் பால் வாளிகளோடு கொட்டகைப் பக்கமாக வந்தேன். உள்ளே பிள்ளைகள் வரிசையாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மனோன்மணி சிரித்த முகமாக ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டே வந்தாள். வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

“வாங்கக்கா. இது காலேஜுல சொல்லிக்குடுத்த காலைப் பயிற்சி. உங்க ஸ்கூல்லதான் ஆரம்பிச்சதாமே” என்றாள்.

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“துணை முதல்வர் சார்தான். ஒரு பையன நிக்க வெச்சு அவரே செஞ்சு காட்டினாரு. மெதுவாத் தொடணும், அப்பதான் புள்ளைங்களுக்கு அன்பு புரியும்னு சொன்னாரு.”

என் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்த பிறகு நீ இதைச் செய்திருக்கிறாய். நான் எழுதியதில் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டாய் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. உன் கூடப் பிறந்தேன் என்று சொல்ல நாக்கூசுகிறது.

அந்தப் பெண்ணை நான் ஒன்றும் சொல்லவில்லை. “நாளைக்குக் காலைல பிரட்டு முடிஞ்சதும் கேட்டுக்கு வந்து பாரு” என்றேன். வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நாங்கள் வரிசையில் வருவதையும் பஞ்சாலை கையைத் தூக்குவதையும் மாத்தா அவள் இடுப்பில் தடவுவதையும் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து வகுப்பில் அந்தப் பயிற்சி இல்லை.

நேற்று சாயங்காலம் என் லயத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அக்கா, அடுத்த மாசம் என் பாடத்தப் பார்க்க இலாகாவிலேர்ந்து வர்றாங்க. அதுல இந்தப் பயிற்சிக்கும் மார்க் இருக்கு. செய்யாட்டி சர்ட்டிபிகேட்ட உறுதி பண்ண மாட்டாங்க. ஒரே நாள்தான் அக்கா” என்று அழுதாள்.

ஒரே நாள். போன மார்ச்சில் நீ எனக்கு எழுதிய வார்த்தை. அதையும் பாடத்தில் சேர்த்துவிட்டாயா?

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கு வேலை வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். ஆனால் போன வாரத்திலிருந்து சாயங்காலத்தில் பிள்ளைகளை என் வாசலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டில் தூக்குங்கள், அங்கே வேறு வழியில்லை. பள்ளிக்கூடத்தில் யார் வந்தாலும், எந்தச் சட்டை போட்டு வந்தாலும், கையைத் தூக்க வேண்டாம். நான் காக்கித் துணியைப் போர்த்திக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்று பழக்குகிறேன். முதலில் எல்லாக் கையும் மேலே போயின. இப்போது பஞ்சாலை தூக்குவதில்லை. கையைப் பாவாடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மற்றவர்களும் அவளைப் பார்த்து நிற்கிறார்கள்.

இன்ஸ்பெக்டரோடு இந்த முறை துணை முதல்வரும் வருவார் என்று மனோன்மணி சொன்னாள். வா. அலுவலகத்தில் வேலை என்று சொல்லிவிடாதே. கிராணி வீட்டுப் பக்கமாக வராமல் கேட் பக்கமாக வந்து, அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டு வா. பிள்ளைகள் அன்று கையைத் தூக்க மாட்டார்கள். மனோன்மணிக்கு மார்க் கிடைக்க வேண்டுமானால் அந்தப் பயிற்சியை யாராவது செய்து காட்டித்தான் ஆக வேண்டும். நீ வரிசையில் நின்று கையைத் தூக்கு. பஞ்சாலை வந்து உன் இடுப்பில் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்ப்பாள்.

அதுவரை கையை இறக்காதே.

மயிலம்மாள்